ஃபேனை மட்டும் மாற்றினால் போதுமா, கூலரையே மாற்ற வேண்டுமா?

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். பத்து நிமிடம் போனால் தானாக அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று நாமும் விட்டுவிடுவோம். என் கம்ப்யூட்டரில் இது மூன்று மாதம் ஓடியது. நான்காவது மாதம் சத்தம் அடங்கவில்லை. ஒரு நாள் ஃபேனே அடங்கிவிட்டது.

டெஸ்க்டாப்புக்குள் இருப்பவற்றில் பெரும்பாலானவை அசையாமல் வேலை செய்பவை. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தள்ளிவைத்துவிட்டால், சுற்றுகிற பொருள் என்று இருப்பது ஃபேன்கள்தான். சுற்றுவது தேயும். அதனால் ஐந்தாறு வருடம் ஓடிய கம்ப்யூட்டரில் ஃபேன் மக்கர் செய்வதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அதற்கு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். சுத்தம் செய்து எண்ணெய் விடுவதா? அதே அளவில் வேறு ஃபேன் வாங்கி மாட்டுவதா? ஹீட்சிங்க்கோடு (ப்ராசசரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகட்டுக் கட்டை) சேர்த்து முழுக் கூலரையும் மாற்றுவதா? இல்லை, இதுதான் சாக்கு என்று லிக்விட் கூலருக்குப் போய்விடுவதா?

வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் இந்த நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் கட்சி. எங்கே அது சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், கத்துவது எது?

சாதாரண டெஸ்க்டாப்பிலேயே ப்ராசசர் மேல் ஒன்று, கேபினெட்டின் பின்னால் ஒன்று, எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று என மூன்று ஃபேன்கள் இருக்கும். முன்பக்கமும் இருந்தால், கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால் ஆறேழு வரை போகும். தகரப் பெட்டிக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது சொல்வதை நம்ப முடியாது. பின் ஃபேன்தான் என்று சத்தியம் செய்து புதிது வாங்கி மாட்டிய பிறகும் சத்தம் அப்படியே இருந்த கதை எனக்கும் உண்டு. கடைசியில் அது கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன்.

பக்கத்து மூடியைக் கழற்றி, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பர் நுனியால் ஃபேனின் நடுக் குமிழை லேசாக அழுத்துங்கள். இறக்கையில் படக்கூடாது. இரண்டு மூன்று விநாடி வேகம் குறையும். சத்தமும் சேர்ந்து குறைந்தால் ஆள் சிக்கிவிட்டான். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அதற்குள் எதையும் நுழைக்கக் கூடாது.

சத்தத்தின் ரகமும் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 'டக் டக் டக்' என்று சீராகத் தட்டினால் ஏதோ ஒயர் இறக்கையில் படுகிறது. ஒரு கட்டுக்கம்பி போதும், செலவே இல்லை. 'கர்ர்' என்று அரைத்தால் பேரிங், அதாவது ஃபேனின் தண்டைத் தாங்கிச் சுற்றவிடும் பாகம். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) அந்த ஃபேனின் வேகத்தைப் பாருங்கள். ஒரே நிலையில் நிற்காமல், காரணமில்லாமல் நிமிடத்துக்கு 1,200, 700, 1,100 சுற்று என்று தாவினால் சந்தேகமே வேண்டாம்.

'உய்ய்ங்' என்று ஏரோப்ளேன் கிளம்புவதுபோல் கேட்டால் அது வேறு சங்கதி. அங்கே ஃபேனுக்கு ஒரு குறையும் இல்லை. அது முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருக்கிறது. ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும், அல்லது ப்ராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். புது ஃபேன் வாங்கி மாட்டினால் அதுவும் அதே மாதிரிதான் கத்தும். அரைக்கிற சத்தம் என்றால் ஃபேனைப் பாருங்கள், இரைச்சல் என்றால் சூட்டைப் பாருங்கள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஃபேன் முழுக்க நின்றுபோனால் ப்ராசசர் கருகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இன்டெல் ப்ராசசர்கள் பலவற்றில் உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றில் 95. அந்த எல்லையைத் தொட்டதும் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஆகவே 'கம்ப்யூட்டர் திடீரென்று மந்தமாகிவிட்டது' என்று விண்டோஸைத் திரும்பப் போடுவதற்கு முன் மூடியைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

எண்ணெய் விட்டால் என்ன?

காலையில் கத்திவிட்டு பத்து நிமிடத்தில் அடங்குகிற ரகசியம் இங்கேதான் இருக்கிறது. விலை குறைந்த ஃபேன்களில் ஸ்லீவ் பேரிங் என்ற வகை இருக்கும். எண்ணெய் ஊறிய ஒரு சின்ன உலோகக் குழாய். அதற்குள் எஃகுத் தண்டு சுற்றும். அவ்வளவுதான் அமைப்பு. வருடக்கணக்கான சூட்டில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், மிச்சம் இருப்பது தூசியோடு கலந்து பிசுபிசுப்பாகிவிடும். குளிர்ந்திருக்கும்போது அது கெட்டியாக இருப்பதால் அரைக்கும். ஓடிச் சூடானதும் இளகிவிடும், சத்தம் நிற்கும். நாமும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

ஃபேனைக் கழற்றி, பின்பக்க ஸ்டிக்கரை உரித்து, ரப்பர் மூடி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒன்று இரண்டு சொட்டு விடலாம். இறக்கையைக் கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றிவிட்டு, வழிந்ததைத் துடைத்து மூட வேண்டும். மூடுவதுதான் கஷ்டம். எண்ணெய் பட்ட இடத்தில் பழைய ஸ்டிக்கர் ஒட்டாது. நன்றாகத் துடைத்துவிட்டு டேப்தான் ஒட்ட வேண்டும். சமையல் எண்ணெய் விட்டால் சில வாரத்தில் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெயையும் கழுவிவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். முதல் நாள் அற்புதம், அப்புறம் முன்பைவிட மோசம். பின்பக்கத்தை முழுக்க மூடி வார்த்த ஃபேன்களில் உள்ளே வழியே கிடையாது.

பலன்? எனக்கு இரண்டு மாதம் கிடைத்தது. எண்ணெய் வற்றியிருந்த காலத்தில் தண்டு உள்சுவரைத் தேய்த்துத் துளையை அகலமாக்கியிருக்கும். எண்ணெய் எவ்வளவு விட்டாலும் அந்தத் தேய்மானம் திரும்பி வராது. வாங்கிய ஃபேன் கைக்கு வந்து சேரும்வரை ஒப்பேற்ற இது நல்ல வழி. நிரந்தர வைத்தியம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், எண்ணெய் விடுவதற்கும் ஃபேனைக் கழற்றத்தான் வேண்டும். நாலு ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகு பழையதையே மாட்டுவானேன்?

தூசி தட்டுவது வேறு. அதை எப்படியும் செய்யுங்கள். செய்யும்போது பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். ப்ளோயர் காற்றில் ஃபேன் 'விர்ர்' என்று சுற்றுவதைப் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டிச் சுற்றினால் பேரிங் கெடும். சுற்றுகிற மோட்டார் ஜெனரேட்டராக மாறி மதர்போர்டுக்குள் மின்சாரத்தையும் அனுப்பக்கூடும்.

ஃபேனை மட்டும் மாற்றுவது

இதில்தான் விஷயம் அதிகம். வாங்குமுன் பார்க்க வேண்டியவை அளவு, கனெக்டர், பேரிங். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் காற்றின் அளவும் விளக்கு அலங்காரமும் அதற்குப் பிறகுதான்.

அளவு என்றால் சட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை. வழக்கமானவை 80, 92, 120, 140 மி.மீ. ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துவிட்டு '105 மி.மீ. ஃபேன் எங்கேயும் கிடைக்கவில்லையே' என்று தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 105 என்பது 120 மி.மீ. ஃபேனின் துளை இடைவெளி. அதேபோல் 80க்கு 71.5, 92க்கு 82.5, 140க்கு 124.5. கேபினெட்டிலிருந்து பழைய ஃபேன் எப்போதோ தொலைந்துபோய் வெறும் துளைகள் மட்டும் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும். தடிமன் பெரும்பாலும் 25 மி.மீ. இடமில்லாத சின்ன கேபினெட்டுகளில் 15 மி.மீ. ஒல்லி ஃபேன் இருக்கும்; அங்கே 25 வாங்கினால் ராமிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோ இடிக்கும்.

அடுத்தது கனெக்டர். மூன்று பின் உள்ளதில் ஒன்று கிரவுண்ட், ஒன்று 12 வோல்ட், மூன்றாவது ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மதர்போர்டுக்குச் சொல்கிற ஒயர். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். அதை எண்ணித்தான் பயாஸ் வேகத்தைக் காட்டுகிறது. நான்கு பின் உள்ளதில் கூடுதலாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் ஒயர் உண்டு. மூன்று பின் ஃபேனின் வேகத்தைக் குறைக்க வோல்டேஜைக் குறைக்க வேண்டும். ஓர் அளவுக்குக் கீழே போனால் ஃபேன் கிளம்பாமல் நின்றுவிடும். நான்கு பின் ஃபேனுக்கு 12 வோல்ட் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். வேகத்தை மாற்றுவது தனி ஒயரில் வருகிற, மனிதக் காதுக்கு எட்டாத 25 கிலோஹெர்ட்ஸ் சிக்னல். அதனால் இன்னும் மெதுவாகவும் நிதானமாகவும் ஓடும். விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் நான்கு பின்னையே வாங்குங்கள்.

இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று பொருந்தும். மூன்று பின் ஃபேனை மதர்போர்டில் உள்ள நான்கு பின் ஹெடரில் (ஃபேன் ஒயரைச் செருகும் இடம்) செருகலாம். பிளாஸ்டிக் நாக்கு தப்பாகச் செருக விடாது. ஆனால் பயாஸில் அந்த ஹெடர் பிடபிள்யூஎம் என்று வைக்கப்பட்டிருந்தால் ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடும். 'புது ஃபேன் பழையதைவிட அதிகமாகக் கத்துகிறது' என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். அந்த ஹெடரை டிசி (வோல்டேஜால் வேகத்தைக் குறைக்கும் முறை) என்று மாற்றிவிட்டால் அடங்கிவிடும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மோலெக்ஸ் ஒயரில் நேரடியாக மாட்டினாலும் இதே கதி: முழு வேகம், கட்டுப்பாடு இல்லை.

ஒரு ஹெடர் பெரும்பாலும் 1 ஆம்பியர் தாங்கும். 120 மி.மீ. ஃபேன் ஒன்று சாதாரணமாக 0.1 முதல் 0.3 ஆம்பியர் இழுக்கும்; அது ஃபேனின் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும். கூட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஹெடரில் இரண்டு ஃபேனைப் பிரித்து மாட்டுவதில் தவறில்லை.

ஒரு விதிவிலக்கு. நிறுவனங்களே முழுதாக அசெம்பிள் செய்து விற்கும் அலுவலக டெஸ்க்டாப்புகளில் சிலவற்றில் கனெக்டரின் வடிவமும் ஒயர் வரிசையும் வேறாக இருக்கும். கஷ்டப்பட்டு வேறு ஃபேனைப் பொருத்தினாலும், ஆன் செய்யும்போதெல்லாம் 'ஃபேன் பழுது, தொடர எஃப்1 அழுத்தவும்' என்று நிற்கும். அங்கே வீரம் காட்டாமல், பழைய ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரை வைத்து அதையே தேடி வாங்குவதுதான் நிம்மதி.

இனி பேரிங். காசு எங்கே போகிறது என்பது இதில்தான் தெரியும். ஸ்லீவ் பேரிங் மலிவு. புதிதாக இருக்கும்போது சத்தமே இருக்காது. சூடு அதிகமான இடத்திலும், கேபினெட்டின் மேற்கூரையில் படுக்கைவாட்டில் மாட்டும்போதும் சீக்கிரம் தேயும். பால் பேரிங் சூட்டைத் தாங்கும், எந்தக் கோணத்திலும் ஓடும். ஆனால் ஆரம்பத்திலிருந்தே மெல்லிய ஒரு முணுமுணுப்பு இருக்கும். அதன் நல்ல குணம், சாவதற்கு ரொம்ப நாள் முன்பே கத்தி எச்சரித்துவிடும். ஃப்ளூயிட் டைனமிக் அல்லது ஹைட்ராலிக் என்று போட்டிருப்பவை ஸ்லீவின் அண்ணன்மார். எண்ணெயை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்படி செதுக்கப்பட்டவை. சத்தமும் குறைவு, ஆயுளும் அதிகம். வீட்டு டெஸ்க்டாப்புக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பெட்டியில் ஆயுளை மணிக் கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம் என்று வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். நோக்டுவா நிறுவனம் தன் ஃபேன்களுக்கு 1,50,000 மணி நேரம் என்று போடுகிறது; இடைவிடாமல் ஓடினாலும் 17 வருடம். அதற்குள் கம்ப்யூட்டரே மூன்றுமுறை மாறியிருக்கும். இது தயாரிப்பாளரின் கணிப்பே தவிர வாக்குறுதி அல்ல. அதனால் மணிக் கணக்கைவிட வாரண்டி எத்தனை வருடம் என்று பார்ப்பதையே நான் நம்புகிறேன்.

சத்தத்தில் ஒரு கணக்கு உண்டு. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம்போலத் தோன்றும். ஒரே மாதிரியான இரண்டு ஃபேன்கள் சேர்ந்தாலோ கூடுவது 3 டெசிபல்தான். அப்படியானால் ஒரே ஃபேனை 1,600 சுற்றில் அலறவிடுவதைவிட, இரண்டு ஃபேன்களை 800 சுற்றில் ஓட்டினால் ஏறத்தாழ அதே காற்று, எவ்வளவோ குறைந்த சத்தம். பெரிய ஃபேன் பொருந்துகிற இடத்தில் சின்னதை மாட்டாதீர்கள் என்பதும் இதனால்தான்.

காற்றின் அளவு, காற்றின் அழுத்தம் என்று இரண்டு எண்கள் போட்டிருக்கும். காற்றின் அளவு என்பது எதிரே தடையே இல்லாமல் அளந்தது. பின்பக்கத்தில் வெறும் கம்பிவலை வழியாகக் காற்றைத் தள்ளும் ஃபேனுக்கு அது பொருந்தும். ஹீட்சிங்க் தகடுகள், ரேடியேட்டர், தூசி வடிகட்டி ஆகியவற்றை ஊடுருவ வேண்டிய ஃபேனுக்கு அழுத்தம்தான் பெரிது. நோக்டுவாவின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 என்ற 120 மி.மீ. ஃபேன் 2018-ல் வந்தபோது பேசப்பட்டதற்குக் காரணம், இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் விட்டிருந்தார்கள் என்பது. இடைவெளி குறைந்தால் காற்று பின்னோக்கிக் கசிவது குறையும். அருமையான சாமான், சந்தேகமில்லை. அதை ஹீட்சிங்க் மேல் மாட்டுங்கள். கேபினெட்டின் பின் ஓட்டையில் மாட்டுவது பட்டுப்புடவையை வைத்துத் தரை துடைப்பது மாதிரி.

விளக்கு வைத்த ஃபேன் உங்கள் இஷ்டம். ஒரே எச்சரிக்கை: விளக்குக்குத் தனி ஒயர் வரும். அதில் மூன்று பின் வகை 5 வோல்ட், நான்கு பின் வகை 12 வோல்ட். வளைத்து நெளித்து மாற்றிச் செருகினால் விளக்கு கருகிவிடும்.

மாட்டும்போது திசையைக் கவனியுங்கள். சட்டத்தின் ஓரத்தில் பல ஃபேன்களில் இரண்டு அம்புக்குறிகள் புடைத்திருக்கும். ஒன்று சுற்றும் திசை, மற்றது காற்று போகும் திசை. அம்பு இல்லையென்றால், மோட்டாரைத் தாங்கும் கால்கள் தெரிகிற பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்னால் உள்ளே, பின்னால் வெளியே என்பது வழக்கம். ஒருமுறை பின் ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டு, 'புது ஃபேன் சரியில்லை' என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து பின்பக்க வலைக்கு நேரே பிடித்தேன். வெளியே படபடக்க வேண்டிய காகிதம் 'சப்'பென்று வலையில் ஒட்டிக்கொண்டது. திட்டியதெல்லாம் எனக்கே திரும்பி வந்தது.

முழுக் கூலரையும் மாற்றுவது

ப்ராசசரோடு பெட்டியில் வந்த கூலர் என்றால் நிலைமை கொஞ்சம் மாறும். அவற்றில் பலவற்றில் ஃபேனுக்கென்று சதுரச் சட்டம் இருக்காது. பிளாஸ்டிக் கொக்கிகளால் ஹீட்சிங்க்கோடு பிணைத்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஃபேன் அதில் உட்காராது. கட்டுக்கம்பி போட்டு 92 மி.மீ. ஃபேன் ஒன்றைக் கட்டி ஓட்டலாம், ஓட்டியும் இருக்கிறேன். ஆனால் அந்தச் சின்ன அலுமினியக் கட்டைக்கு அத்தனை மரியாதை தேவையில்லை. இங்கே முழுக் கூலரையும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். அதிகச் சூடு தரும் பெரிய ப்ராசசருக்கு மாறியிருந்தாலோ, இரைச்சல் ரகச் சத்தம் தூசி தட்டி, பேஸ்ட் மாற்றிய பிறகும் போகவில்லை என்றாலோ அதே பதில்தான்.

மாறாக, 120 மி.மீ. ஃபேனைக் கம்பிக் கிளிப் போட்டு மாட்டியிருக்கும் உயரமான டவர் கூலர் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறதா? அதன் ஹீட்சிங்க் செம்பும் அலுமினியமும். தேய அதில் ஒன்றும் இல்லை. ஃபேனை மட்டும் மாற்றுங்கள். கிளிப்பைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் போதும். ப்ராசசரைத் தொடவே வேண்டியதில்லை.

அந்த 'தொடவே வேண்டியதில்லை' என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று ஒரு நாள் தெரிந்துகொண்டேன். பழைய கூலரைக் கழற்ற நேராக மேலே இழுத்தேன். 'டப்' என்று வந்தது, ப்ராசசரும் சேர்ந்து. காய்ந்த பேஸ்ட் பசைபோல் பிடித்திருந்தது. ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. இரண்டு பின்கள் வளைந்துவிட்டன. மெக்கானிக்கல் பென்சிலின் முனையில் அந்தப் பின்னை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்த அரை மணி நேரம் ஆயிற்று. ஏஎம்டியின் ஏஎம்4 மாதிரி, பின்கள் ப்ராசசரின் அடியிலேயே இருக்கும் சாக்கெட்டுகளில் இந்த ஆபத்து உண்டு. கழற்றுமுன் கம்ப்யூட்டரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவித்த பிறகே தூக்க வேண்டும். ஏஎம்5-லும் இன்டெல்லின் எல்ஜிஏ சாக்கெட்டுகளிலும் ஓர் இரும்புச் சட்டம் ப்ராசசரைப் பிடித்துக்கொண்டிருப்பதால் இந்தப் பயம் கிடையாது.

பொருத்தம் பார்ப்பதும் அவசியம். இன்டெல் எல்ஜிஏ 1156 முதல் 1200 வரை மதர்போர்டில் கூலர் துளைகளின் இடைவெளி 75 மி.மீ.; 2021-ல் வந்த எல்ஜிஏ 1700-ல் 78. மூன்றே மில்லிமீட்டர்தான், ஆனாலும் புது பிராக்கெட் இல்லாமல் உட்காராது. ஏஎம்4 கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5-லும் பொருந்திவிடும். டவர் கூலர்கள் 150, 160 மி.மீ. உயரம் இருக்கும், கேபினெட் மூடி சாத்துமா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள்.

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தால் சாதாரண ப்ராசசர்களுக்குப் போதும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிட்டு, 'சூடு குறையவே இல்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

லிக்விட் கூலர்

இதில் நீண்ட பேச்சு வேண்டாம். லிக்விட் கூலர் சூட்டை ப்ராசசரிலிருந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து வெளியே தள்ளுவது மறுபடியும் ஃபேன்தான். ஒரு ஃபேன் கத்துகிறதென்று இதற்குப் போனால் கடைசியில் கையில் இருப்பது இரண்டு மூன்று ஃபேன்களும், கூடவே ஒரு பம்ப்பும். ஃபேன் கெட்டால் மாற்றிவிடலாம். பம்ப் கெட்டால் பெரும்பாலும் முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதுதான். உள்ளே இருக்கும் திரவமும் வருடக்கணக்கில் குழாய்ச் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் ப்ராசசரைப் பல மணி நேரம் விரட்டுகிறவர்களுக்கும், உயரமான கூலர் நுழையாத கேபினெட் வைத்திருப்பவர்களுக்கும் இது நியாயம். 65 வாட் ப்ராசசர் வைத்துக்கொண்டு கணக்கு வழக்கும் சினிமாவும் பார்க்கிறவர்களுக்கு இது ஆசை, தேவை அல்ல. ஆசைப்பட்டு வாங்கினால், குழாயோடு இருக்கும் பம்ப் மொத்த அமைப்பிலும் உயரமான இடமாக அமையாதபடி மாட்டுங்கள். காற்றுக் குமிழ்கள் அங்கே போய்த் தங்கி 'களக் களக்' என்று சத்தம் போடும்.

கை வைக்கக் கூடாத இடம்

எஸ்எம்பிஎஸ் ஃபேன் அரைத்தால், ஃபேன்தானே என்று திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பல எஸ்எம்பிஎஸ்களில் ஃபேன் ஒயரை நேராகப் பற்றவைத்திருப்பார்கள், கனெக்டரே இருக்காது. வாரண்டி இருந்தால் அனுப்புங்கள். ஐந்தாறு வருடம் ஓடியது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றுங்கள். ஃபேன் தேய்ந்த காலத்தில் கெபாசிட்டர்களும் இளமையாக இருந்திருக்காது.

கிராஃபிக்ஸ் கார்டில் ஆபத்து இல்லை, அலைச்சல் உண்டு. ஒவ்வொரு கார்டுக்கும் ஃபேன் தனி வடிவம். ஃபேனின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தேடினால் பிரபலமான கார்டுகளுக்குத் தனி ஃபேன் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு, ஹீட்சிங்க் மேல் இரண்டு 120 மி.மீ. ஃபேன்களைக் கட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. பார்க்க அலங்கோலம், வேலை செய்வதென்னவோ பிரமாதம்.

மாட்டிய பிறகு

எதை மாட்டினாலும் பயாஸுக்குள் ஒருமுறை போய்வாருங்கள். மெதுவாக ஓடக்கூடிய நல்ல ஃபேனை மாட்டிய பிறகு 'சிபியு ஃபேன் பழுது' என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். சில மதர்போர்டுகளில் 600 சுற்றுக்குக் கீழே போனாலே எச்சரிக்கும்படி வைத்திருப்பார்கள். அந்த எல்லையைக் குறைத்துக்கொள்ளலாம். ப்ராசசர் ஃபேனை அதற்கென்று உள்ள ஹெடரிலேயே மாட்டுங்கள். அது காலியாக இருந்தாலும் சில போர்டுகள் முரண்டு பிடிக்கும். பிரவுசர் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஃபேன் ஏறி இறங்கினால், வேகம் மாறுவதற்கு முன் சில விநாடி தாமதம் வையுங்கள். ஒரே சீரான மெல்லிய ஓசை அரை மணியில் காதுக்குப் பழகிவிடும். ஏறி இறங்குகிற ஓசை பழகவே பழகாது.

ஆரம்பத்தில் சொன்ன என் கம்ப்யூட்டரில் கடைசியில் மாட்டியது, நான்கு பின் உள்ள, ஃப்ளூயிட் பேரிங் வைத்த சாதாரண 120 மி.மீ. ஃபேன் ஒன்று. விளக்கு இல்லை. 700 சுற்றில் ஓடுகிறது, இருக்கிறதா என்றே தெரியவில்லை. அது அடங்கியதும், இத்தனை நாள் அதன் சத்தத்துக்கு அடியில் ஒளிந்திருந்த பழைய ஹார்ட் டிஸ்க் 'கிரிக் கிரிக்' என்பது இப்போது நன்றாகக் கேட்கிறது.